அக்கா பக்கம் பேசிய சாயங்காலம்

"எழுந்து நின்னு பேசு. மேடையில உட்கார்ந்துக்கினா பேசுவ?" என்றாள் அக்கா.

எழுந்து நின்றேன். காஞ்சிபுரத்தில் என் அக்கா பத்மாவின் வீட்டுக் கூடம். ஒரு பக்கம் மடிக்காத துணி குவிந்த சோபா, இன்னொரு பக்கம் பிரிட்ஜ், நடுவில் நான். மைக் இல்லை, சால்வை இல்லை, சோடா இல்லை. கூட்டம் மொத்தமே மூன்று பேர். அக்கா பிரம்பு நாற்காலியில், கட்டுப் போட்ட இடது காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு. அவள் மருமகள் சுமதி சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு. பக்கத்து வீட்டுப் பங்காரம்மா தரையில் சம்மணம் போட்டு, யார் சொன்னாலும் எழுந்து போவதாக இல்லை என்ற முகத்தோடு.

"தலைப்பு என்னக்கா?" விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"பத்மா ராத்திரியில பால் குடிக்கலாமா, கூடாதா. நீ கூடாதுன்ற பக்கம்."

"அக்கா, நீ குடிக்கணும்னு சொல்றதுக்குத்தானே நான் தெனமும் வந்துக்கினு இருக்கேன்?"

"தெரியும்பா. அத ஒரு வாரமா கேட்டாச்சு. ஊர் ஊராப் போய் ரெண்டு பக்கமும் பேசறவன்தானே நீ? இன்னிக்கு ஒரு நாளு என் பக்கம் பேசு. பேசிட்டு அப்புறமா உன் பக்கத்துக்குப் போ."

பங்காரம்மா வீட்டுத் தறிகள் ஓய்ந்திருந்தன. ஜன்னல் கம்பி வழியாக வந்த வெயில் சுவரில் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அக்கா இன்னும் சாப்பிடவில்லை. வெயில் அந்தச் சுவரை விட்டுப் போவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். போய்விட்டால் மறுநாள் சூரியன் வரும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. அந்த ஒரு சங்கதிக்காகத்தான் இவ்வளவு பஞ்சாயத்தும்.

அலுத்த வாய்

போன வாரம் மைக்செட்காரர்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஊரையே தலையாட்ட வைக்கிறீர்களே, வீட்டில் உங்கள் பேச்சு எடுபடுமா என்று. எடுபடாது ஐயா. ஏன் எடுபடாது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னும் பின்னும் இப்போதும் பட்டிமன்றப் பேச்சாளன். கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, நகைக்கடைத் திறப்பு, எங்கே கூப்பிட்டாலும் வேனில் ஏறிவிடுவேன். எந்தப் பக்கம் பேசப்போகிறேன் என்பது வேன் பாதி தூரம் போன பிறகுதான் தெரியும். நடுவர் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்து, "பூபாலா, நீ இன்னிக்கு மருமகள் பக்கம்" என்பார். சரி என்பேன். நேற்று வேறொரு ஊரில் மாமியார் பக்கம் பேசி கைதட்டு வாங்கிய வாய் இதே வாய்தான்.

ஆரம்பத்தில் இது எனக்குப் பெருமையாக இருந்தது. எதற்கும் இரண்டு பக்கம் உண்டு, இரண்டையும் பேசத் தெரிந்தவனே வாதம் தெரிந்தவன் என்று நினைத்தேன். இப்போது அலுத்துவிட்டது. மனிதர்களைச் சிரிக்கவைக்க முடிகிறது, அழவைக்கவும் முடிகிறது. வீட்டுக்குப் போய் ஒருவராவது ஒரு காரியத்தை மாற்றிச் செய்தார்களா என்றால் தெரியாது. எனக்கே முழங்கால் வலி, தொண்டையில் எந்நேரமும் கரகரப்பு.

வாதம் என்பதற்கு நம் பழையவர்கள் போட்டுவைத்த கணக்கு வேறு. கல்லூரியில் தமிழ் படித்த காலத்தில் அதை உருப்போட்டிருக்கிறேன். முதலில் நீ சொல்ல வந்ததைச் சொல், அது மேற்கோள். ஏன் என்று சொல், அது ஏது. உலகத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒன்றைக் காட்டு, அது எடுத்துக்காட்டு. அதை உன் விஷயத்தோடு பொருத்து. பிறகு முடி. ஐந்து உறுப்பும் சரியாக இருந்தால் எதிராளி வாயை மூடித்தான் ஆகவேண்டும். காஞ்சிக்குப் பல சமயத்தாரும் வந்து இப்படி வாதாடினார்கள் என்று சொல்வார்கள். இப்போது இந்த ஊரில் வாதமெல்லாம் கல்யாணப் புடவைக்கு எந்த நிறம் என்பதில்தான் நடக்கிறது. அதிலும் பெண்ணின் அத்தை சொன்னதுதான் ஜெயிக்கிறது.

பொழுது சாய்வதற்குள்

நாங்கள் தென்னேரிப் பக்கத்துச் சமணக் குடும்பம். ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர்கள். சமணர் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் வடக்கேயிருந்து வந்தவன் என்று நினைத்துக்கொண்டு, "தமிழ் நல்லாப் பேசறீங்களே சார்" என்பார்கள். நான் தமிழ் வாத்தியார் என்று சொன்னால் அவர்கள் ஆச்சரியம் இன்னும் அதிகமாகும். விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், "ஏதோ பழக்கம்" என்று சொல்லிவிடுவதுண்டு.

எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்தால் அடுப்பு கிடையாது. இருட்டில் சாப்பிட்டால் சோற்றில் விழுந்த பூச்சி கண்ணுக்குத் தெரியாது, தெரியாமல் ஓர் உயிரைத் தின்றுவிடுவோம் என்பது காரணம். "இப்பத்தான் டியூப்லைட் இருக்குதே" என்று சின்ன வயதில் நான் கேட்டதற்கு, "லைட்டைப் பார்த்துத்தான்டா பூச்சி இன்னும் வருது" என்று அக்கா பட்டென்று சொன்னாள். அப்போதே அவளை நான் மேடைக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும்.

நான் மேடை ஏறியபோதே இந்த வழக்கம் என்னைவிட்டுப் போய்விட்டது. பட்டிமன்றம் முடிந்து, சால்வை போட்டு, கும்பிடு போட்டு, யாரோ போடும் இலையில் உட்காரும்போது பாதி ஊர் தூங்கியிருக்கும். அக்காவுக்கு இது தெரியும். தெரிந்தும் விடமாட்டாள். பொழுது சாயும் நேரத்தில், நான் எந்த ஊரில் இருந்தாலும் போன் வரும்.

"பொழுது போவுது. சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா."

அது பொய் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கேட்பதும் நான் சொல்வதும் நிற்கவில்லை.

மாமா, அதாவது அவள் கணவர், இறந்துபோன பிறகு அக்கா அதை வெறும் வழக்கமாக வைத்துக்கொள்ளவில்லை. ஊர் ஊராக நடந்து வந்த ஒரு முனிவர் முன்னால் கைகூப்பி நின்று, ஆயுள் இருக்கும்வரை இராவுணவு இல்லை, தண்ணீரும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லி நியமம் எடுத்துக்கொண்டாள். எங்களில் அப்படிச் சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

இதற்கு நடுவில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. மாத்திரை ஊசியாயிற்று. இடது கால் பெருவிரலில் ஒரு புண் வந்து ஆறமாட்டேன் என்றது.

பங்காரம்மாவின் தேன்

ஒரு விடியற்காலை. சுமதி கோலம் போட எழுந்தவள், மாமியார் குறட்டை வித்தியாசமாக இருக்கிறதே என்று போய்ப் பார்த்திருக்கிறாள். உடம்பெல்லாம் வியர்வை, கண் மேலே செருகிக் கிடக்கிறது, கூப்பிட்டால் முனகல் மட்டும். சுமதியின் கணவன், என் மருமான் தரணி, ஒரகடத்துக் கம்பெனியில் இரவு ஷிப்டு. சுமதி போட்ட கூச்சலில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பங்காரம்மா ஓடி வந்தாள்.

பங்காரம்மா தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். அவள் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை. அதனால் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்ப ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்த தேன் பாட்டிலை எடுத்துவந்து, அக்காவின் ஈறில் விரலால் தடவினாள். கொஞ்சம் கொஞ்சமாக அக்கா கண் திறந்தாள். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பிழைத்தாள். பிழைத்தவள் முதலில் கேட்டது, "வாயில என்னடி இனிக்குது?" என்பதுதான். சுமதி அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டாள்.

எங்களுக்குத் தேன் மாமிசத்தோடு ஒரே வரிசையில் வைத்த பொருள். கூட்டைக் கலைத்து எடுப்பதால் எத்தனை உயிர் போகும் என்பது கணக்கு. அதுவும் விடிவதற்கு முன்னால். தேனும் உள்ளே போயிற்று, நியமமும் போயிற்று. அக்கா யாரையும் திட்டவில்லை. பங்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ செஞ்சது உயிர் குடுத்த வேல" என்றாள். வீட்டுக்கு வந்ததும் பரிகாரம் என்று ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாள், ஊசியும் போடாமல். சர்க்கரை எகிறி, புண் இன்னும் மோசமாயிற்று.

"நாகேம் தெலுசம்மா?" என்று பங்காரம்மா வாசலில் நின்று அரற்றினாள். "எனக்கு என்ன தெரியும்? சீனி டப்பா எடுத்தாந்திருந்தா ஒரு பாவமாவது கொறைஞ்சிருக்குமே!"

டாக்டரம்மா பொறுமை இழந்துவிட்டார். "ஊசியைக் குறைச்சாப் புண்ணு ஆறாது, காலே போயிடும். குறைக்கலைன்னா விடியக்காலையில சர்க்கரை இறங்கிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பால், ரெண்டு பிஸ்கட். நான் கேக்கறது அவ்வளவுதான். இதையும் செய்யலைன்னா அடுத்த தடவை தேனுக்கும் நேரம் இருக்காது" என்றார்.

அக்கா கும்பிட்டாள். முடியாது என்றாள். தரணி கெஞ்சினான், பிறகு கத்தினான், பிறகு எனக்குப் போன் போட்டான்.

"மாமா, நீங்க வந்து பேசுங்க மாமா. உங்களுக்கு அதுதானே வேல?"

மயக்கத்தில் இருப்பவருக்கு நியமம் ஏது

அதுதானே வேலை. வந்தேன். வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்தேன். வரும் வழியிலேயே ஐந்து உறுப்பையும் அடுக்கிக்கொண்டேன். முதல் நாள் அக்காவின் எதிரில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன்.

நீ இரவில் பால் குடிக்கலாம். ஏன் என்றால், உன் உயிரும் ஓர் உயிர்தான். காப்பாற்ற வழியிருந்தும் அதைப் போகவிடுவது கொலை. எடுத்துக்காட்டு, நம் மாமா. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவெல்லாம் அவர் கையில் குளுக்கோஸ் இறங்கிற்று. இராவுணவு என்று யாரும் தடுக்கவில்லை, நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். அவருக்கு ஆனது உனக்கும் ஆகும். ஆகவே, நீ பால் குடிக்கலாம்.

எனக்கே திருப்தியாக இருந்தது. சுமதி நம்பிக்கையோடு மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

அக்கா யோசித்தாள். "அவரு மயக்கத்துல இருந்தாருடா" என்றாள். "மயக்கத்துல கெடக்கறவங்களுக்கு நியமம் ஏது? அவரா கேட்டாரு? ஏத்துனீங்க, ஏறிச்சு. நான் முழிச்சுக்கினு இருக்கேனே. முழிச்சுக்கினு, கை நீட்டி வாங்கி, குடிக்கணுமே. ரெண்டும் ஒண்ணா?"

எடுத்துக்காட்டு போயிற்று. அது போனால் பொருத்துவதற்கு என்ன இருக்கிறது? இத்தனை வருட மேடையில் எந்த எதிரணிக்காரனும் என் எடுத்துக்காட்டை இவ்வளவு சுத்தமாக உருவியதில்லை. அதோடு விட்டாளா? "வேணும்னா ஒண்ணு பண்ணுங்க. எனக்கு மயக்கம் வர்ற வரைக்கும் இருந்து, அப்புறமா ஊத்துங்க" என்றாள். சுமதி உள்ளே போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். அழுகிறாள் என்று சத்தத்திலிருந்தே தெரிந்தது.

அந்தக் குரல்

அறிவுக்கு எட்டாததை மனசுக்கு எட்டவைப்பது அடுத்த வழி. கேட்கும் கூட்டம் எப்படிப்பட்டது என்று அறிந்து பேசு, கல் நெஞ்சமா, கரையும் நெஞ்சமா பார் என்று அதையும் பழையவர்கள் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள்.

குரலைத் தாழ்த்தினேன். அப்பா இல்லை, அம்மா இல்லை, எனக்கென்று இருக்கிற ஒரே ரத்தம் நீதானே அக்கா என்று தொடங்கி, கடைசி வார்த்தையில் ஒரு சின்ன நடுக்கம் கொடுத்து நிறுத்தினேன். அந்த இடத்தில் நிறுத்தினால் எந்த ஊரிலும் கைக்குட்டை வெளியே வரும்.

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். "இந்தக் குரலு நான் கேட்டிருக்கேன். தீபாவளிக்கு டிவியில வந்தியே, மாமியார் கொடுமை. அதுல இதே மாதிரிதான் நிறுத்துன."

எனக்குக் கோபம் வந்தது. "நெஜமாத்தான்க்கா சொல்றேன்! உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"நெஜமாவே இருக்கட்டும். அந்தக் கூட்டத்துக்கும் நீ நெஜம்னுதானே சொன்ன? நான் எதப் பார்த்து நம்பறது?"

வாதத்தில் சொல் பாதி, சொல்கிற ஆள் பாதி. இது நான் மற்றவர்களுக்குப் பாடம் நடத்திய விஷயம். என் சொல்லில் குறை இல்லை. ஆள்தான் ஊருக்கெல்லாம் வாடகைக்குப் போய்வந்த ஆள். பஸ்ஸில் திரும்பி வரும்போது வயிற்றெரிச்சலாக இருந்தது. என் பிழைப்பின்மேலேயே எரிச்சல்.

ஒரு வாரம் இப்படியே போயிற்று. சுமதி இரவெல்லாம் தூங்குவதில்லை; அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து எழுந்து மாமியார் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. அப்போதுதான் அந்தச் சாயங்காலம் அக்கா என்னை எழுந்து நிற்கச் சொன்னாள்.

அவள் பக்கம்

வேனில் பக்கம் பிரித்தால் மறுப்பதில்லை. அந்தப் பழக்கம்தான் என்னை நிற்கவைத்தது என்று நினைக்கிறேன். என்ன பேசினேன் என்பதை ஞாபகம் இருக்கிற அளவில் எழுதுகிறேன்.

பத்மா பாலை வேண்டாம் என்று சொல்லவில்லை, என்று தொடங்கினேன். அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. படிப்பை நிறுத்தினார்கள், கேட்கவில்லை. எனக்குக் கல்லூரி, அவளுக்குக் கல்யாணம், கேட்கவில்லை. தென்னேரி நிலத்தை விற்று டவுனுக்கு வந்தோம். அவளுக்குச் சேதி மட்டும் வந்தது. மாமா போனார். சர்க்கரை வந்தது. அதுவும் கேட்டுக்கொண்டு வரவில்லை. இந்த ஆயுளில் அவள் தானாக முடிவெடுத்து, தன் வாயால் சொல்லி, தன் கையைக் கூப்பி எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

பகலெல்லாம் அவள் மற்றவர்களுக்குச் சமைத்தாள், மற்றவர்களுக்கு ஓடினாள். பொழுது சாய்ந்தால்தான் அவள் அவளாக இருக்கிறாள். தன் பொருட்டு எங்கேயும் ஓர் எறும்புக்குக்கூடத் துன்பமில்லை என்ற நிம்மதியோடு படுக்கிறாள். அந்த நிம்மதியை ஒரு டம்ளர் பாலுக்கு விற்கச் சொல்கிறோம். உடம்பைக் காப்பாற்றிவிடுவோம், சரி. காப்பாற்றிய உடம்பில் பத்மா இருப்பாளா? நமக்குப் பயமாக இருக்கிறது என்பதற்காக அவள் ஏன் தோற்க வேண்டும்?

குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. கைகூட ஆட்டவில்லை. பேசப் பேச, இதையெல்லாம் நான் எப்போது யோசித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முடித்தேன். பங்காரம்மா கண்ணைத் துடைத்தாள். சுமதி என்னைப் பார்த்த பார்வையில், நீங்களும் இப்படிச் செய்துவிட்டீர்களே மாமா என்று இருந்தது.

அந்தப் பார்வை சொன்னது சரி. தொழில் என்னை மோசம் செய்துவிட்டது. எதிர்ப் பக்கத்தை என் பக்கத்தைவிட நன்றாகப் பேசிவிட்டேன். அக்காவைச் சாகவிடுவதற்கு என் வாயே வாதம் தேடித் தந்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். முந்தானையை இறக்கினாள்.

"எல்லாரும் குடி குடின்னுதான் சொன்னீங்க. எதுக்காகப் புடிச்சுக்கினு இருக்கேன்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள். "இப்பத்தான் நானே கேக்கறேன்." பிறகு, "சரி, உன் பக்கம் பேசு" என்றாள்.

பிறர் கொள்கையை முதலில் நீ ஏற்றுக்கொள், பிறகு களை என்று பழைய இலக்கணத்தில் ஒரு முறை உண்டு. நான் ஏற்றுக்கொண்டேன். களைவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. மேற்கோள் இல்லை, ஏது இல்லை.

"நீ எனக்கு வேணும்க்கா" என்றேன். "வேற பாயிண்ட் இல்ல."

"எடுத்துக்காட்டு?"

"இல்லக்கா."

அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. சுவரில் வெயில் கூரையைத் தொட்டுவிட்டது. சுமதி தட்டை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள். அக்கா சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்பைச் சொன்னாள்.

"நான் தோத்துட்டேன்னே வெச்சிக்கோ. என் பக்கத்த ஒருத்தன் சொல்லிட்டான், அது போதும். ஆனா நியமம் இந்த வீட்ட விட்டுப் போவக்கூடாது. நான் எறக்கி வெக்கறேன். நீ தூக்கிக்கோ."

"நானா? அக்கா, என் பொழப்பே ராத்திரியிலதான் நடக்குது!"

"அதனாலதான் சொல்றேன். பொழுது சாஞ்சா உனக்குத் தண்ணிகூட கெடையாது. என்னிக்கு நீ தவறிட்டியோ, அன்னிக்கு ராத்திரி எனக்கும் பால் கெடையாது. வாயால பேசனது போதும்டா, வயித்தால பேசு."

மறுநாள் காலையில் பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலுக்குப் போனோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்துவந்தாள். சந்நிதியில் அவள் இறக்கி வைத்தாள், நான் எடுத்துக்கொண்டேன். பாரம் இறங்கியவள் முகம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து, கை இரண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். அவள் உயிரை மீட்டுவிட்டோம் என்ற சந்தோஷத்தோடு வேறு எதையோ பிடுங்கிக்கொண்டோம் என்ற வருத்தமும் எனக்கு அன்றைக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

சாயங்கால ஓட்டம்

அன்றிலிருந்து நான் சூரியனைப் பார்த்துப் பிழைக்கிறேன். இந்த வயதில் இது பெரிய அலுப்பு. பஸ் நிலையத்து ஓட்டலில் சாயங்காலம் போய்ச் சாப்பாடு கேட்டால், "இப்பத்தான் சார் மாவு பிசைறோம்" என்கிறார்கள். விழாக்காரர்கள், "எங்க வீட்ல கை நனைக்க மாட்டேன்றாரே" என்று வருத்தப்படுகிறார்கள். பேசிப் பேசித் தொண்டை காய்ந்தாலும் எதிரே இருக்கிற சோடாவைத் தொடக்கூடாது. மேடைக்குப் பின்னால் சாம்பார் கொதிக்கிற வாசனையில், உணவே மருந்து என்று நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டால் தெரியாது. பசி வருகிறது, அது நிச்சயம்.

அக்கா போன் நிற்கவில்லை. "சாப்ட்டியா?" என்பதோடு இப்போது "என்ன சாப்ட்ட?" என்பதும் சேர்ந்துகொண்டது. நான் சொல்வேன். "சரி, அப்ப ராத்திரி நான் குடிக்கறேன்" என்பாள். அவள் கால் புண் ஓரம் கூடிவருகிறது. சுமதி அலாரம் வைக்காமல் தூங்குகிறாள்.

போன மாதம் ஒரு நாள். ஆற்காட்டில் நிகழ்ச்சி. வேனில் போக முடியவில்லை, பஸ்ஸில் போனேன். சுமதி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தைக் காஞ்சிபுரம் பஸ் நிலையத்து பெஞ்சிலேயே வைத்துவிட்டு ஏறிவிட்டேன். தாமல் தாண்டுவதற்குள் முன்னால் ஏதோ லாரி குறுக்கே நின்று, வரிசை வரிசையாக வண்டிகள் நின்றுவிட்டன. ஜன்னலுக்கு வெளியே தாமல் ஏரி. தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூரியன், சிவந்து போயிருந்தது. கடை என்று ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது.

"பொழுது போவுது. சாப்ட்டியா?"

ஆச்சுக்கா என்று ஒரு வார்த்தை. வருடக்கணக்காகச் சொன்ன வார்த்தைதான், வாய்க்குப் புதிதில்லை. சொன்னால் அவள் பால் குடிப்பாள், காலையில் எழுந்திருப்பாள். உண்மையைச் சொன்னால் குடிக்கமாட்டாள். யோசித்துப் பார்த்தால் பொய்தான் சரியான வாதம். ஏதுவும் எடுத்துக்காட்டும் கேட்காமலே வந்து வரிசையில் நின்றன. ஆனால் வாய் வரவில்லை. அவள் நம்புகிற மாதிரி என்னிடம் இருப்பது இந்த நியமம் ஒன்றுதான். இதையும் மேடையாக்கிவிட்டால் பிறகு அவளிடம் எந்த வாயோடு பேசுவது?

"இரு, நானே கூப்பிடறேன்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த வரிசையில் ஓர் அம்மாள், காலுக்கு நடுவில் ஒயர் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடையின் மேலாக ஒரு பிஸ்கட் பாக்கெட் தெரிந்தது. எனக்கோ வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் பேனா, நெற்றி வரைக்கும் கௌரவம். எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கம் குனிந்தேன். முன்னுரை ஒன்றும் தோன்றவில்லை.

"அம்மா, திங்கறதுக்கு ஏதாவது குடுங்கம்மா. பொழுது சாயறதுக்குள்ள."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பாக்கெட்டைப் பிரித்து நீட்டினாள். இரண்டு எடுத்தேன். ஏரியைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாக மென்றேன். சூரியனின் அடிப்பாகம் தண்ணீரில் இறங்கத் தொடங்கியிருந்தது. தொண்டையில் அடைத்தது. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"மெதுவாத் துன்னுங்க சார், ஒண்ணும் ஓடிப் போவல" என்றாள். என் கை நடுங்குவதைப் பார்த்தாள். அவள் முகத்தில் கவலை வந்தது. "சுகரா சார்?"

வாய் நிறைய பிஸ்கட்டோடு தலையை ஆட்டினேன்.

"எனக்கில்லம்மா. எங்க அக்காவுக்கு."